பேராதனையில் இரண்டாம் ஆண்டு: வளாகத்தின் அருகில் அறையா, கம்பளையில் சித்தி வீடா?

கேள்வி: மஸ்கெலியா அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் முதலாம் ஆண்டை முடித்திருக்கிறாள். இதுவரை விடுதியில் இருந்தாள். இரண்டாம் ஆண்டில் வெளியே தங்க வேண்டியிருக்கிறது. எங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. பெனிதெனியவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருவர் பகிரும் அறை கிடைக்கிறது. ஒருவருக்கு மாதம் 11,000 ரூபா, மூன்று மாத முற்பணம், மின்சாரமும் தண்ணீரும் தனிக் கணக்கு. மற்றது கம்பளையில் எங்கள் சித்தியின் வீடு. அங்கே வாடகை இல்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை, போக்குவரத்துச் செலவு மட்டுந்தான்.

அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். தங்கைக்குக் கிடைக்கும் மகாபொல புலமைப்பரிசுப் பணம் அந்த அறையின் வாடகைக்கே போதாது. பெண் பிள்ளை உறவினர் வீட்டில் இருந்தால் நிம்மதி என்பது அம்மாவின் எண்ணம். அறைதான் வேண்டும் என்று தங்கை சொல்கிறாள், காரணத்தைக் கேட்டால் "படிக்க வேண்டும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில்: கினிகத்தேனை அக்கா

தம்பி, நான் அதே பீடத்தில் படித்தவள். இரண்டு ஆண்டுகள் கம்பளையிலிருந்து போய் வந்திருக்கிறேன். கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையே ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான் என்பதால் பலர் இதைப் பக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். எட்டு மணி விரிவுரைக்கு நான் ஆறேகாலுக்கே வீட்டை விட்டு இறங்குவேன், ஏனென்றால் ஆறரைக்குப் பிறகு வரும் பஸ்களில் கண்டிக்கு வேலைக்கும் பாடசாலைக்கும் போகிறவர்கள் படிக்கட்டு வரை நிற்பார்கள், கெலிஓயா நகரைக் கடப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். செய்முறை வகுப்பு முடிய மாலை நான்கு, சில நாட்களில் ஐந்து. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை தவறாமல் வரும் என்பது நம் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நனைந்த உடையோடு வீடு சேர்ந்து, உடை மாற்றி, செய்முறை அறிக்கையை எழுத உட்காரும்போது எட்டு மணியாகிவிடும். பஸ்ஸில் நான் செலவழித்தது நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்கள் சித்தியைக் குறை கூறுவதாக நினைக்க வேண்டாம். நானும் ஒரு பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன். முதல் வாரம் விருந்தாளி. அதன் பிறகு வீட்டுப் பிள்ளை. அந்த அன்புக்குள்ளேயே சமையலுக்குக் கைகொடுப்பது, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றுவது எல்லாம் அடங்கியிருந்தன. பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. உங்கள் தங்கை காரணம் சொல்லாமல் இருப்பதற்கு இதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: ஹட்டன் ஆசிரியர்

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெனிதெனிய அறையை "அருகில்" என்று எண்ணிப் பணம் கட்டுவதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். மகாவலி கங்கை இந்த வளாகத்தை இரண்டாகப் பிரித்து ஓடுகிறது. பெனிதெனியவும் பொறியியல் பீடமும் கம்பளை வீதி இருக்கும் கரையில் உள்ளன. விஞ்ஞான பீடம் அக்கரையில், கலஹா வீதிப் பக்கம் இருக்கிறது. பொறியியல் மாணவிக்கு அந்த அறை வாசலோடு ஒட்டியது போன்றது. உங்கள் தங்கையோ ஒவ்வொரு நாளும் அக்பர் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். பகலில் அது இனிமையான நடை, இருட்டிய பிறகு எப்படி என்பதை அவளையே ஒரு மாலை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வாசற்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாலை ஆறரைக்குக் கதவடைக்கும் வீடு நூலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தாலும் என்ன பயன்? மின்சாரத்துக்குத் தனி மானி இருக்கிறதா என்றும் பாருங்கள். அலகுகள் கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறுவது நம் நாட்டு வழக்கம். வீட்டுக்காரரும் மாணவிகளும் ஒரே மானியைப் பயன்படுத்தும்போது கட்டணம் மேல்படிக்குப் போய்விடும், பிறகு அதைத் தலைக்கணக்கில் பிரிப்பார்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள்.

அறையை மழை நாளில் போய்ப் பார்ப்பது நல்லது. வெயில் நாளில் எல்லாச் சுவரும் வெள்ளையாகத்தான் தெரியும். ஹந்தானை மலைச் சரிவை ஒட்டிய வீடென்றால், பின்புற மண்மேட்டை வெட்டிக் கட்டியிருக்கிறார்களா, சுவரில் புதிய வெடிப்பு உண்டா, தண்ணீர் எங்கே வடிகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும் பகுதிகளில் கண்டி மாவட்டமும் அடிக்கடி இடம்பெறுகிறது. அட்டை கடிப்பதைப் பற்றி மஸ்கெலியாக்காரருக்கு நான் சொல்லப் போவதில்லை.

பதில்: நாவலப்பிட்டி தம்பி

நான் நான்கு ஆண்டுகளும் தூரத்திலிருந்து போய்வந்தவன், எனவே மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். ரயில் பருவச்சீட்டு மலிவு. சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் வளாகத்துக்குள் நடந்தே போய்விடலாம். உட்கார இடம் கிடைத்த நாட்களில் நான் படித்ததெல்லாம் அந்தப் பெட்டியில்தான். ஆனால் ரயில் நேரம் நம் பாடநேரத்துக்கு வளைந்து கொடுக்காது, மழைக்காலத்தில் பாதையையும் நம்ப முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தின் ரயில் பாதையும் வீதிகளும் பட்ட சேதத்தை எல்லோரும் பார்த்தோம். கம்பளை நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. பரீட்சைக் காலங்களில் நான் நண்பர்களின் அறைத் தரையில் பாய் விரித்துத்தான் சமாளித்தேன். தங்கைக்கு அப்படிப் போய்த் தங்க ஒரு தோழியின் அறையாவது இருக்குமென்றால், சித்தி வீடும் முடியாத காரியமல்ல.

கேள்வி கேட்டவரின் பதில்: மஸ்கெலியா அண்ணன்

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை நானும் தங்கையும் நேரில் போயிருந்தோம், மழையும் பெய்தது. பெனிதெனிய வீட்டு அம்மா நல்லவராகத் தெரிந்தார், ஆனால் கதவு ஏழு மணிக்குப் பூட்டப்படும், மானியும் ஒன்றுதான். ஆசிரியர் ஐயா சொல்லியிருக்காவிட்டால் இரண்டையும் கேட்க எனக்குத் தோன்றியிருக்காது. அங்கிருந்து பாலத்தைக் கடந்து விஞ்ஞான பீடம் வரை நடந்தோம்; வழியில் தங்கை இந்தப் பதில்களைத் தன் தொலைபேசியில் வாசித்துவிட்டு, கினிகத்தேனை அக்கா எழுதியதைக் காட்டி "இதைத்தான் சொல்ல முடியவில்லை" என்றாள்.

இப்போது அவளுடைய வகுப்புத் தோழிகள் இருவர் கலஹா வீதியில், ஹிந்தகல பக்கமாக, அக்கரையிலேயே ஓர் அறை பார்த்திருக்கிறார்கள். மூவர் பகிர்ந்தால் ஒருவருக்கு 8,000 ரூபா. தனி மானி உண்டு, வெளிப்படிக்கட்டும் தனி. குறையும் பணத்தை நான் அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன். வார இறுதியில் அவள் கம்பளைக்குப் போய்ச் சித்தியோடு இருப்பாள் என்றதும் அம்மாவும் இறங்கி வந்துவிட்டார். சித்தி அவளுக்காக முன்னறையை ஒழித்து, புது மெத்தை கூட வாங்கி வைத்திருக்கிறாராம். அவரிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.