மறு: பழைய வீட்டு மரத்துக்குக் கலைச்சொல்

குழுவினர்க்கு வணக்கம்.

இடித்த வீட்டிலிருந்து கழற்றி மறுபடி பயன்படுத்தும் மரத்துக்கு (reclaimed wood) ‘மீள்மரம்’ என்ற முன்மொழிவு எனக்கு உடன்பாடில்லை. மீள்தன்மை என்றால் இழுத்துவிட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும் குணம் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். வளைந்து நிமிரும் மரம் என்றுதான் மாணவர் நினைப்பார். ‘மறுசுழற்சி மரம்’ அதைவிட மோசம். தூளையும் சீவலையும் பசையிட்டு அழுத்திய பலகைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். நாம் பேசுவது, உத்தரமாகவோ தூணாகவோ நின்றதை முழுதாகக் கழற்றி, ஆணி பிடுங்கி, மறுபடி இழைத்துப் பயன்படுத்துவதைப் பற்றி.

வரைவில் இருக்கும் ‘பசுமை மரம்’ என்ற பதிவைத் தயவுசெய்து நீக்குங்கள். உலராத மரத்தைத்தான் தச்சர்கள் பச்சை மரம் என்கிறார்கள். அதில் அலமாரி செய்தால் கதவு கோணிக்கொள்ளும். மேலும், பழைய வீட்டு மரம், வளங்குன்றா மரம் (வளம் குறையாதபடி மறுபடி நட்டு வெட்டுவது) என்ற இரண்டு வேறு பொருள்களை அந்தப் பதிவு ஒன்றாக்குகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சமையலறையை இப்போது புதுப்பிக்கிறோம். பாத்திரம் கழுவும் தொட்டியருகே வைப்பது, இடித்த கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டிலிருந்து எடுத்த செங்கால் என்ற மரத்தின் பலகை (செங்கல் என்று தட்டச்சு செய்துவிடாதீர்கள், கொத்தனார் வந்து நிற்பார்). கனமான வன்மரம், ஈரத்துக்கும் கறையானுக்கும் எளிதில் அசையாது. மேலடுக்குகளுக்குப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். 25–30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் தோட்டத்தில் மறுநடவுக்காக எப்படியும் வெட்டப்படுகிற மரம் அது. ஆகவே அது வளங்குன்றா மரம். பழைய மரம் அன்று. அதில் பூஞ்சையின் நீலக்கறை விரைவில் படியும், துளைக்கும் வண்டுக்கும் பிரியம். அதனால் அறுத்த கையோடு போரான் கரைசல் ஊட்டிச் சூளையில் உலர்த்துகிறார்கள். தண்ணீர் ஓயாமல் பட்டால் போரான் கரைந்து போகும். பாத்திரம் கழுவும் இடத்தில் பால்மரத்தை வைக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

என் முன்மொழிவு ‘மீட்புமரம்’. தீயணைப்புப் படை நினைவுக்கு வருகிறது என்றார் ஒரு நண்பர். வட்டிக்கடையில் நகையை மீட்டவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது. எங்கள் தச்சர் மலாயில் ‘காயு தெர்பாக்காய்’ (பயன்படுத்திய மரம்) என்கிறார். இங்கே பழைய காருக்கும் அதே தெர்பாக்காய்தான்.

விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: மரம் முன்பு எங்கே இருந்தது என்பது. கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊட்டிய தண்டவாளக் கட்டையும், ஈயம் கலந்த பழைய சாயம் பூசிய பலகையும் இதே பெயருக்குள் வரும். இரண்டும் சமையலறைக்கு ஆகாது.

—

தொகுப்பாளர் பதில்:

ஐயா, வணக்கம்.

‘பசுமை மரம்’ நீக்கப்பட்டது. வளங்குன்றா மரம் தனிப் பதிவாகிறது.

‘மீட்புமரம்’ பற்றி மட்டும் ஒரு தடை. மீட்புப் படகு என்றால் மீட்கின்ற படகு, மீட்கப்பட்டது அன்று. ‘மீட்டமரம்’ என்று வைத்தால் என்ன? சுட்ட சுண்ணாம்பு ஏற்கெனவே வேதியியலில் இருக்கிறது, இதுவும் அதே அமைப்பு. வீணையோடும் மோதாது, வீணை ‘மீட்டிய’ என்றுதானே வரும். காரைக்குடியில் பழைய தேக்கு விற்பவர்களிடம் ‘மீட்டமரம் இருக்கிறதா’ என்று கேட்டால் விழிப்பார்கள், ஆகவே ‘பழைய மரம்’ என்பதை வழக்குச் சொல்லாக அருகிலேயே குறித்துவிடலாம்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் இப்படியே பதிகிறேன். பால்மரத் துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்த பலகைக்கும் ஒரு சொல் வேண்டும். உங்கள் தச்சர் அதை எப்படிச் சொல்கிறார்?