செங்கல்லை வைத்து வீட்டின் வயதை அறிய முடியுமா? (அவசரம்)

அவனியாபுரத்தான்:
வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் பூச்சு உதிர்ந்த சுவரில் மெல்லிய செங்கற்கள் தெரிகின்றன. நாயக்கர் காலத்து வீடு என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். வியாழக்கிழமை கொத்தனார் சிமெண்டு பூச வருகிறார். அதற்குள் வயதைச் சொல்ல இயலுமா?

கீழவாசல்காரர்:
வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? கல்லின் நீளமும் கனமும் என்ன? சாந்து சுண்ணாம்பா, சிமெண்டா?

செம்மண்:
மெல்லிய கல் என்றாலே நாயக்கர் காலம்தான். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலே செங்கல்லும் சுதையும்தானே?

சுவர்நோக்கி:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் எவருக்கும் வருவதில்லை. மெல்லிய கல் நாயக்கர்களோடு நின்றுவிடவில்லை. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு கற்களைச் சாய்வாக நிறுத்திப் பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம், மதுரைக்கு ரயில் வந்த 1875க்குப் பிறகும் போடப்பட்டது.

வைகைக்கரை:
கீழடிக் கற்களின் கனம், அகலம், நீளம் 1:4:6 என்ற விகிதத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதையும் ஒப்பிடலாமே?

சுவர்நோக்கி:
சங்ககாலக் கல்லில் பெரியப்பா வீடு கட்டியிருக்க மாட்டார், ஐயா.

வைகைக்கரை:
விகிதத்தைக் கேட்டேன், கேலியைக் கேட்கவில்லை.

கொத்தனார்மகன்:
வயது இருக்கட்டும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் கல்லின் முகமே பொரிந்து விழும். முதலில் கொத்தனாரை நிறுத்துங்கள்.

அவனியாபுரத்தான்:
வீடு அவனியாபுரத்தில் இல்லை, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருக்கிறது. கீழ்த்தளக் கல்லின் கனம் ஒன்றேகால் அங்குலம், சாந்து வெள்ளையாக உதிர்கிறது. மாடிக் கல் மூன்று அங்குலம், நடுவில் குழியும் எழுத்தும் உள்ளன. மாடியின் இரும்பு விட்டத்தில் ‘டாடா’ என்று இருக்கிறது.

கீழவாசல்காரர்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும். 1837க்குப் பிறகு, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் உருவாயின. அவர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். ஆகவே கீழ்த்தளம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. டாடா ஆலையில் எஃகு வார்க்கத் தொடங்கியது 1912இல் என்பதால், அந்த விட்டம் அதற்கும் பிந்தியது. விட்டம் பிற்பாடு மாற்றப்பட்டதா என்பதை அறிய, அதன் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் கல் வரிகள் குலையாமல் வருகின்றனவா, உடைத்துச் செருகி அடைத்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஓட்டு வீடு, மெத்தை வீடு (மாடி வீடு) என்று எழுதியிருப்பதும் உதவும்.

செம்மண்:
கோட்டையை இடித்தபோது கிடைத்த கல்லாக இருந்தால்? கல் நாயக்கர் காலத்தது என்று நான் சொன்னது சரிதானே?

சுவர்நோக்கி:
கேட்டது வீட்டின் வயதை. பழைய கல் புதுச் சுவரேறுவது எந்த ஊரிலும் நடப்பதுதான், அதனால் கல் மட்டும் சாட்சியாகாது.

அவனியாபுரத்தான்:
1926ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘ஓட்டு வீடு’ என்றுதான் உள்ளது, மாடியைப் பற்றிப் பேச்சே இல்லை. விட்டத்தின் நுனியில் கல் வரி குலையவில்லை. சுண்ணாம்பே பூசச் சொல்லிவிட்டேன். நன்றி.

கீழவாசல்காரர்:
அப்படியானால் மாடி 1926க்குப் பிந்தியதாகவே இருக்க வேண்டும். மாடிக் கல்லின் குழியில் என்ன எழுத்து இருந்தது? பூசுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.