ஸ்தோத்திரம் வாயில் வராத நாட்கள்

கடுகுவிதை:

என் கணவர் ஐசியூவில் 19 நாள் இருந்தார். ஏழாம் நாள் சபையிலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷி, குறை சொல்ல வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேம்மா, ஸ்தோத்திரம் சொல்லு. நீ துதிச்சா கதவு திறக்கும்" என்றார்கள். நானும் "ஸ்தோத்திரம்" என்றேன். அவர்கள் லிப்டில் ஏறினதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஆண்டவரிடம் அதுவரை பேசாத பேச்செல்லாம் பேசினேன். சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அது முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இப்படிப் பேசிவிட்டோமே, நான் துதிக்காததாலேயே இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ! துதியை ஒரு சாவி மாதிரி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவு திறக்காவிட்டால் சாவியைச் சரியாகத் திருப்பாதவள் நான்தான் என்று ஆகிவிட்டது.

அன்றிரவு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனில் பைபிளைத் திறந்து சங்கீதங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். 88-ல் நின்றேன். இத்தனை வருஷத்தில் அதை யாரும் ஆராதனையில் வாசித்து நான் கேட்டதில்லை. புலம்பும் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது திரும்பிவிடும். 13-ஐப் பாருங்கள், "எதுவரைக்கும்" என்று ஆரம்பித்து ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடும். 88 திரும்புவதே இல்லை. சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் அதன் முதல் வரி, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே." அந்த ஒரு வரியை மட்டும் வாய்விட்டு வாசித்தேன். அன்றைக்கு என்னால் முடிந்த ஸ்தோத்திரம் அதுதான்.

19-ம் நாள் அவர் கர்த்தரிடம் போய்விட்டார். நாலு வருஷம் ஆகிறது. துதி வராத நாட்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? ஜெயித்த சாட்சிதான் எழுதவேண்டும் என்றில்லை.

சிறுமந்தை:

அக்கா, வாசித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை. என் கதை தலைகீழ். கஷ்டத்தில் துதித்தேன், நன்மை வந்ததும் விட்டுவிட்டேன்.

வேலை போய் 14 மாதம் வீட்டில் இருந்தேன். தினமும் காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஜெபிப்பேன். வேறு போக்கிடம் இல்லையே! உண்மையைச் சொன்னால், அந்த 14 மாதம் ஆண்டவரோடு இருந்த நெருக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேலை கிடைத்ததாகப் போன் வந்த அன்று மனைவியைக் கூப்பிட்டேன், அண்ணனைக் கூப்பிட்டேன், கடன் கொடுத்தவரையும் கூப்பிட்டேன். "கர்த்தர் நல்லவர்" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். இரவு படுக்கும்போது அலாரத்தை நிறுத்தினேன், புது வேலைக்குத் தூக்கம் வேண்டுமே என்று. ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஓடிவிட்டது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் கேட்டாள்: "அப்பா, இப்ப நமக்கு ஏசப்பாகிட்ட கேக்க ஒண்ணும் இல்லையா?"

லூக்கா 17-ல் இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில், நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரை நன்றிகெட்டவர்கள் என்றே நினைத்திருந்தேன். யோசித்தால், இயேசு போகச்சொன்ன இடத்துக்குத்தான் அவர்கள் போனார்கள். ஆசாரியனிடம் காண்பித்துவிட்டு வீட்டுக்கு ஓடவேண்டும், பிள்ளையைத் தூக்கவேண்டும் என்ற அவசரம் இருந்திருக்காதா? அதில் தப்பென்ன? என் அவசரத்திலும் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் திரும்பி நடந்தவன் ஒருவன்தான், அதுவும் சமாரியன். "உங்களில் ஒருவன் துன்பப்பட்டால் ஜெபம்பண்ணக்கடவன்" என்று யாக்கோபு சொல்வதை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதே வசனம் "ஒருவன் மகிழ்ச்சியாயிருந்தால் சங்கீதம் பாடக்கடவன்" என்று முடிவது என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அலாரம் ஐந்து மணிக்கு. நாலு முடியவில்லை.

ஒலிவக்கிளை:

நீதிமொழிகள் 25:20 வாசித்துப் பாருங்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போலவாம். ஆறுதல் சொல்லப் போகும் முன் நாம் எல்லாருமே பார்த்துக்கொள்ளவேண்டிய வசனம். என் குழந்தை கருவிலேயே தவறினபோது எனக்கு வந்த வாட்ஸ்அப் பாட்டுகள் எத்தனை! ஒன்றையும் திறக்கவில்லை. பேசாமல் வந்து பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போன தோழியைத்தான் இன்றும் நினைக்கிறேன்.

கல்மேல்வீடு:

மகளே கடுகுவிதை, உன்னைப் பார்க்க வந்த அந்த அம்மா சொன்னதை மேடையில் நின்று சொன்னவன் நான். பிலிப்பி சிறைச்சாலையை எடுத்து, பவுலும் சீலாவும் துதித்தார்கள், பூமி அதிர்ந்து கதவு திறந்தது, நீயும் துதி என்று பல சபைகளில் பிரசங்கித்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும், ஜனங்களும் கைதட்டுவார்கள்.

பிறகு எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆறு வாரம் ஒரு சத்தமும் எழுப்பக்கூடாது என்றார் டாக்டர். பேசிப் பிழைத்தவனுக்கு எப்படி இருக்கும்! ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் போய் உட்காருவேன். எல்லாரும் பாடுவார்கள். முதல் இரண்டு வாரமும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த நாட்களில், அந்தச் சிறைச்சாலைச் சம்பவம் வரும் அப்போஸ்தலர் 16-ஐ மறுபடி மெதுவாக வாசித்தேன். அடிபட்ட காயத்தைச் சிறைக்காரன் கழுவியது பூமி அதிர்ந்த பிறகுதான். அப்படியானால் நடுராத்திரியில் அவர்கள் பாடியது கழுவாத காயத்தோடு, தொழுமரத்தில் மாட்டிய காலோடு. அடுத்தது இன்னும் முக்கியம்: கதவுகளெல்லாம் திறந்தும் அவர்கள் வெளியே போகவில்லை. "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று சிறைக்காரனிடம் பவுல் சத்தமிடுகிறான். கதவைத் திறக்கத்தான் பாடியிருந்தால் திறந்ததும் ஓடியிருக்கமாட்டார்களா? இத்தனை வருஷம் அந்த வசனத்தைத் தாண்டித் தாண்டிப் பிரசங்கித்திருக்கிறேன், வெட்கமாக இருந்தது.

கூடவே, "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு துண்டு வாக்கியம் வருகிறது. அந்தக் கைதிகளைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்ததில்லை. அந்த ஆறு வாரமும் நான் அவர்களில் ஒருவன். பாடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து எரிச்சல் குறைந்தது. என் பங்கையும் சேர்த்து அவர்கள் பாடுகிறார்கள் என்று தோன்றியது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். மனம் இளகட்டும், பிறகு துதிப்போம் என்று காத்திருந்தால் அது தள்ளிக்கொண்டே போகும். எபிரெயர் நிருபத்தில் "ஸ்தோத்திரபலி" என்றுதானே எழுதியிருக்கிறது? பலி என்றால் ஏதோ ஒன்று நமக்குச் செலவாகத்தான் செய்யும். ஆனால் அதை அடுத்தவன் கையைப் பிடித்து இழுத்துச் செய்யவைக்கக்கூடாது. அதுதான் நான் செய்த தப்பு. மன்னித்துக்கொள் மகளே.

கடுகுவிதை:

ஐயா, நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள்! கேட்டுக்கொண்டிருந்த கைதிகளைப் பற்றி எழுதினதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

அடக்கத்தன்று கல்லறையில் பாட்டு ஆரம்பித்தபோது என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றது அதே அம்மாதான். இந்தமுறை அவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு தானே பாடினார்கள். ராகம் கொஞ்சமும் சேராது அவர்களுக்கு, சபையில் எல்லாருக்கும் தெரியும். அழுதுகொண்டே, இரண்டாம் சரணத்து வார்த்தையை மூன்றாவதில் போட்டு, கடைசிவரைக்கும் பாடினார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.