விபிஎஸ் (ஒரு பெரிய சர்வரைப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) நடத்த ஓபன்விஇசட்டா, கேவிஎம்மா, ப்ராக்ஸ்மாக்ஸா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மண்ணடி:

மண்ணடியில் ஒரு சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) ஆபீஸ். ஷிப்பிங் பில் தயாரிக்கிற மென்பொருள் ஓபன்விஇசட் விபிஎஸ் ஒன்றில், அதாவது ஹோஸ்ட் என்கிற பெரிய மெஷினின் கர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்ட் கர்னல் வகையில், ஓடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் மலிவு என்றால் அதுதான். கப்பலுக்கு கட்-ஆஃப் நெருங்குகிற சாயங்காலம், மென்பொருள் நின்றுவிட்டது. உள்ளே போய் ஃப்ரீ கட்டளை அடித்தால் ரேம் பாதி காலி என்கிறது. அடுத்து எல்எஸ் அடித்தேன். ஃபோர்க் செய்ய (புது ப்ராசஸ் தொடங்க) நினைவகம் இல்லை என்று வந்தது! பாதி ரேம் சும்மா கிடக்கிற மெஷினில் கோப்புகளைப் பட்டியல் போட இடமில்லை. அடுத்தடுத்த கட்டளைகளும் ஓடினால் ஓடின, இல்லையென்றால் இல்லை.

எப்படியோ, ஓபன்விஇசட் வரம்புகளைக் கணக்கு வைக்கும் பீன்கவுன்டர்ஸ் கோப்பைத் திறந்தேன். கேமெம்சைஸ் வரியில் ஃபெயில்கவுண்ட் (எத்தனை முறை மறுக்கப்பட்டது என்ற எண்) ஏறிக்கொண்டே இருந்தது. கர்னல் பயன்படுத்தும் நினைவகத்துக்குத் தனியாக ஒரு வரம்பு, அதை வைத்தவர்கள் ஹோஸ்டில் இருக்கிறார்கள். நான் ரூட்தான் (முழு அதிகாரம் உள்ள பயனர்), ஆனாலும் தொட முடியாது. முதலாளி பின்னால் நின்று "தம்பி, வண்டி துறைமுக கேட்டுல நிக்குது" என்கிறார். திரையில் அந்த எண் ஏறுகிறது. டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை.

ஷேர்ட் கர்னல் விபிஎஸ் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வியாசர்பாடி:

அண்ணே, பழியை ஷேர்ட் கர்னல் மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரம்பைக் கஞ்சத்தனமாக வைத்தது விற்றவர். ஒவ்வொரு விபிஎஸ்ஸுக்கும் தனிக் கர்னல் தருகிற கேவிஎம்மிலும் அதே ஆள் அதே வேலையை வேறு வழியில் செய்வார்.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஒன்று, ஆன்லைன் ஆர்டரும் உண்டு. தீபாவளி நெருக்கத்தில் தளம் ஊர்ந்தது. வாங்கியிருந்தது கேவிஎம், நாலு கோர். டாப் கட்டளையில் பார்த்தால் நம் வேலைக்குப் போன சிபியூ கொஞ்சம்தான், 'எஸ்டி' மட்டும் 40 சதவீதத்துக்கு மேல். நாம் வரிசையில் நிற்கிறோம், ஹோஸ்ட் நம் நேரத்தை வேறு யாருக்கோ கொடுக்கிறது என்று அர்த்தம். சப்போர்ட்டில் கேட்டால் உங்கள் கோடைச் சரிபாருங்கள் என்று பதில். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ராத்திரியோடு ராத்திரியாக வேறு நோடுக்கு (ஹோஸ்ட் மெஷினுக்கு) மாற்றிவிட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் எஸ்டி பூஜ்யம். நம் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ரேமும் அப்படித்தான். பலூனிங் (சும்மா கிடக்கிற ரேமைத் திரும்ப எடுப்பது), கேஎஸ்எம் (ஒரே மாதிரி இருக்கும் நினைவகப் பக்கங்களை ஒன்றாக்குவது) எல்லாம் வைத்து இருப்பதைவிடக் கூடுதலாக விற்க முடியும். கேவிஎம் என்ற பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மண்ணடி:

நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது தம்பி. எஸ்டி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது. கேவிஎம்மில் கர்னல் உங்களுடையது. நினைவகம் தீர்ந்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கொல்லப்பட்டால் டிமெஸ்ஜியில் (கர்னலின் பதிவில்) வரியோடு இருக்கும். தேவையான மாட்யூலை நீங்களே ஏற்றலாம். ஓபன்விஇசட் 6-இல் கடைசிவரை 2.6.32 கர்னல்தான், கன்டெய்னர் ஓட்டுகிற டாக்கருக்கோ குறைந்தது 3.10 வேண்டும். 2019 நவம்பரில் ஓபன்விஇசட் 6-க்கு ஆதரவும் முடிந்தது. விற்கிறவர் மோசம் என்பதை மறுக்கவில்லை. மோசமானவரிடம் மாட்டினாலும் எனக்கு விஷயம் தெரிய வேண்டும் என்கிறேன்.

திருவொற்றியூர்:

நீங்கள் இரண்டு பேரும் வாங்குகிற பக்கம். நாங்கள் சொந்த மெஷினில் ஓட்டுகிறவர்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் (கேவிஎம்மையும் கன்டெய்னர்களையும் நிர்வகிக்கிற மென்பொருள்), இரண்டு நோட் கிளஸ்டர், கட்டிக்கொடுத்தவர் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த மெஷின் போயே போய்விட்டது. மேலே இருந்தது நன்றாகவே கிளம்பியது. பில்லிங் விஎம்மும் (மெய்நிகர் மெஷினும்) அதன் டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் அழுத்தினால் குவோரம் இல்லை என்கிறது.

அந்தத் திரைதான் இன்னும் உறுத்துகிறது. மெஷின் நலம், டேட்டா நலம். ஆனால் இரண்டில் ஒரு ஓட்டு மட்டும் இருப்பதால் பெரும்பான்மை இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டது. கிளஸ்டர் என்றால் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும் என்று சொல்லித்தான் எங்களிடம் விற்றார்கள். ஒரு ஓட்டே போதும் என்று சொல்கிற பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1 கட்டளையைக் கொடுத்த பிறகுதான் விஎம்களை ஒவ்வொன்றாகக் கிளப்ப முடிந்தது.

பெரம்பூர்:

என் கதை சின்னது. டாலிக்காக ஒரு விண்டோஸ் சர்வர், கேவிஎம்மில். நடுராத்திரி இன்ஸ்டால் செய்கையில் டிஸ்க்கே இல்லை என்றது. கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்து "புது டிஸ்க்கு வாங்கணுமா?" என்று கேட்கிறார். கேவிஎம்மின் மெய்நிகர் டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டுகிற விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை மாட்டியதும் டிஸ்க் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் திரியைப் படிக்கிற புதியவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். வெளியாட்களுக்கு விபிஎஸ் விற்பதாக இருந்தால் கேவிஎம் மட்டும்தான். 2007-இல் லினக்ஸ் 2.6.20-இலேயே கர்னலுக்குள் வந்துவிட்டது, அமேசானும் ஜென் என்ற வேறொரு மெய்நிகராக்க மென்பொருளை விட்டு 2017-இல் கேவிஎம் அடிப்படையிலான நைட்ரோவுக்கு வந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் 2015-இல் 4.0 வெளியிட்டபோது ஓபன்விஇசட்டை எடுத்துவிட்டு எல்எக்ஸ்சி கன்டெய்னரை (இதுவும் ஹோஸ்ட் கர்னலைப் பகிர்வதுதான்) வைத்தது. அந்த எல்எக்ஸ்சியை உங்கள் சொந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ், மானிட்டரிங் மாதிரி சின்ன விஷயங்களுக்கு அருமை, ரேம் கொஞ்சமாகத்தான் தின்னும். அன்பிரிவிலேஜ்ட் என்றே உருவாக்குங்கள். உள்ளே ரூட்டாக இருப்பவன் வெளியே ஒரு சாதாரண பயனராகத்தான் இருப்பான். முன்பின் தெரியாதவருக்கு மட்டும் அதையும் கொடுக்காதீர்கள், கர்னல் ஓட்டை ஒன்று போதும். சிபியூ டைப்பை ஹோஸ்ட் என்று வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் தலைமுறை வேறான மெஷின்களுக்கு இடையே லைவ் மைக்ரேஷன் (ஓடும்போதே விஎம்மை இடம் மாற்றுவது) நம்ப முடியாது. டிஸ்க்குக்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறை போட்டால் அதன் கேஷுக்குப் போகும் ரேமைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இதே வேலையைச் செய்கிற விஎம்வேர் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது, நிரந்தர உரிமம் விற்பது நின்று சந்தா மட்டும் என்றானது. விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ 2024 பிப்ரவரியில் நின்று 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. பத்துப் பதினைந்து விபிஎஸ் வைத்துப் பிழைக்கிற ஆள் இப்படி மாறக்கூடிய ஒன்றின் மேல் விலை நிர்ணயிக்கக் கூடாது என்பது என் கட்சி. அப்புறம் திருவொற்றியூர் நண்பரே, மூன்றாவது ஓட்டுக்கு இன்னொரு சர்வர் வேண்டாம், ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், ஓட்டு மட்டும் போடுகிற கியூடிவைஸ் ஓட்டினாலே போதும். அதை மேல்தட்டில் வையுங்கள்.

காசிமேடு:

திருவொற்றியூர் சார், கியூடிவைஸ் சரி. ஆனால் எக்ஸ்பெக்டட் 1 கொடுத்தீர்களே, அந்த இன்னொரு மெஷின் உயிரோடு இருந்து நடுவில் கேபிள் மட்டும் போயிருந்தால்? இரண்டு பக்கமும் தான்தான் முதலாளி என்று எழுத ஆரம்பித்திருக்குமே.

திருவொற்றியூர்:

அந்தப் பயத்தில்தான் கட்டளை கொடுப்பதற்கு முன்பே அதன் பவர் கார்டு, நெட்வொர்க் கேபிள் இரண்டையும் உருவி வைத்துவிட்டேன். அது திரும்பி வரவே இல்லை, அதன் இடத்தில் புது மெஷின் வாங்கிச் சேர்த்தோம். பில்லிங் டேட்டா முழுசாகக் கிடைத்தது. கியூடிவைஸ் இப்போது ரவுட்டர் இருக்கிற அலமாரியில் ஓடுகிறது.