வாசகம் இருப்பது மூன்றாம் தட்டில்

கொடை ரசிகன்: "ஆங்கில ராக் இசைக்குழுவான லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்', ஆங்கில மாந்திரிகர் அலிஸ்டர் குரோலியின் மாந்திரிகத்தை மறைத்துச் சொல்லும் பாட்டு, அந்தக் குழுவின் நான்காம் இசைத்தட்டிலேயே அவருடைய வாசகத்தைப் பொறித்திருக்கிறார்கள்" என்று உதகை மூடுபனி நேற்று எழுதியதைப் படித்தபின் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. அந்த வாசகம் 1970-இல் வந்த மூன்றாம் தட்டில் இருக்கிறது. பாட்டோ 1971-இல் வந்த நான்காம் தட்டில். மூன்றாம் தட்டின் பழைய அச்சு என்னிடம் உண்டு. கொடைக்கானல் ஈரத்தில் உறையில் பூசணம் பிடித்துவிட்டது என்றாலும், தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், கடைசிப் பாட்டு முடிந்து ஊசி ஓடும் வெற்றுப் பகுதியில், லேபிளை ஒட்டி, கையால் கீறிய எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன.

உதகை மூடுபனி: மூன்றா நான்கா என்பதா இங்கே கேள்வி? குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்கரையில் குரோலி வாழ்ந்த போல்ஸ்கின் இல்லத்தையே விலைக்கு வாங்கியவர். நான்காம் தட்டின் உறையை விரித்தால், குறி பார்க்கும் டாரட் சீட்டில் உள்ளதைப் போலவே விளக்கேந்திய துறவி நிற்கிறார். போதாக்குறைக்குக் குழுவினர் நால்வருக்கும் நான்கு குறியீடுகள். இத்தனையும் தற்செயல் என்கிறீர்களா?

கொடை ரசிகன்: வாசகம் மூன்றாம் தட்டில் இருக்கிறது என்றேன், அதற்குப் பதில் வரவில்லை. வீட்டை வாங்கியவர் பேஜ். பாட்டின் சொற்களை எழுதியவர் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட். பாட்டில் வரும் மே ராணி இங்கிலாந்தின் வசந்த விழாவில் முடி சூட்டப்படும் பெண். அவளையும் மாந்திரிகக் கணக்கில் எழுதிவிடுவீர்கள் போலிருக்கிறது.

பழனி அடிவாரம்: 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' என்று கடுவெளிச் சித்தர் பாடியதைத் தோட்டத்துக் கதையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோமா? தோண்டி என்பது உடல் என்று நம் வீட்டுக் கிழவிகளுக்கும் தெரியும். போகர் பெயர் விளங்கும் மலையில் இருந்துகொண்டு மறைபொருளே இல்லை என்று வாதிடுவது, கொடை ஐயா, உங்களுக்கு அழகன்று.

கொடை ரசிகன்: மறைபொருளே இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? சித்தர் பாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பொருள் சொல்லிவந்த வழி உண்டு. இந்தப் பாட்டுக்கோ, 1982-இல் கலிபோர்னியச் சட்டமன்றக் குழு ஒன்றின் முன் பின்னோக்கி ஓட்டி, சாத்தானின் பெயர் கேட்பதாகச் சொன்னார்கள். காது கேட்க விரும்பியதையெல்லாம் பொருள் என்று ஏற்றால் எந்தப் பாட்டும் தப்பாது.

குன்னூர் கிதார்: என்னிடமும் மூன்றாம் தட்டு இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் இல்லையே!

கொடை ரசிகன்: உம்முடையது பிந்தைய அச்சாக இருக்கும். அச்சுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் வேலையைச் செய்த டெரி மானிங் கீறியது தொடக்க கால அச்சுகளில்தான் காணப்படும். கோடை விழாவுக்கு வந்தபோது என்னிடம் வாங்கிச் சென்ற தட்டை இன்னும் திருப்பித் தராத நீர், தட்டைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

குன்னூர் கிதார்: அது கீறல் விழுந்த தட்டு. திருப்பித் தந்தாலும் நான்தான் கீறினேன் என்பீர்கள்.

உதகை மூடுபனி: உங்கள் கொடுக்கல் வாங்கலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். துறவியின் படம் எந்தத் தட்டில் இருக்கிறது, ஐயா? நான்காம் தட்டில்தானே? நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

கொடை ரசிகன்: படம் நான்கில், வாசகம் மூன்றில். நீங்கள் எழுதியது வாசகத்தைப் பற்றி. அதைத் திருத்தும் வரை குறியீடு, துறவி எதைப் பற்றியும் உங்களோடு பேசுவதற்கில்லை.