எக்ஸ்பிரஸ் டிக்கெட் வாங்கலாமா? கேளிக்கைப் பூங்கா விலை பற்றி ஒரு கேள்வி

தெம்பனிஸ் மீனா

ஜூன் பள்ளி விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு செந்தோசா யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போகலாமென்று பேச்சு. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் மூன்று பேர், கூடவே என் மாமியார்.

முன்பு வெளிநாட்டில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். டிக்கெட் வாங்கும்போது விலை அவ்வளவாக உறைக்கவில்லை. உள்ளே வரிசையில் நின்றபோதுதான் எரிச்சல் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம், கூடுதல் காசு கொடுத்துத் தனி வரிசையில் வரும் எக்ஸ்பிரஸ்காரர்கள் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நாங்கள் அசையவே இல்லை. "அவங்க மட்டும் ஏம்மா போறாங்க?" என்றான் மகன். காசு கொடுத்திருக்காங்க என்றேன். "அப்ப நாம கொடுக்கலையா?" என்கிறான். நாம் கொடுத்தது மட்டும் கொஞ்சமா!

ஒரே டிக்கெட், நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்றுதானே முன்பெல்லாம் இருந்தது? எப்போது இப்படி ஆனது? இந்த முறை எக்ஸ்பிரஸ் வாங்குவதா, வேண்டாமா?

ஈசூன் வாசி

இதில் கோபப்பட என்ன இருக்கிறது அக்கா? விமானத்தில் பிஸினஸ் கிளாஸ் இல்லையா? காசு இருப்பவர் முன்னால் போகிறார், அவ்வளவுதான்.

பழைய ரைடுக்காரன்

தம்பி, பிஸினஸ் கிளாஸ்காரர் ஏறியதால் உங்கள் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புமா? இங்கே அதுதான் நடக்கிறது.

நான் சில வருடம் ரைடு ஆப்பரேட்டராக வேலை பார்த்தவன். எந்த ஊர், எந்தப் பூங்கா என்பதை விடுங்கள். இரண்டு வரிசையும் ஒன்று சேரும் இடத்தில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பாரே, அங்கே என்னையும் அடிக்கடி நிறுத்துவார்கள். எக்ஸ்பிரஸ் பக்கமிருந்து ஏழு பேரை விடு, சாதா பக்கமிருந்து மூன்று பேரை விடு என்பார்கள். கூட்ட நாளில் அந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். சாதா வரிசையில் முதலாவதாக நிற்பவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது நாங்களே கற்றுக்கொண்ட பாடம். பார்த்தால் கை தானாக இறங்கிவிடும்.

மணிக்கு 1,000 பேரை ஏற்றும் ரைடு, எக்ஸ்பிரஸ் விற்றாலும் மணிக்கு 1,000 பேரைத்தான் ஏற்றும். ஆக, அங்கே விற்கப்படுவது வேகம் இல்லை, சாதா வரிசையில் நிற்பவரின் நேரம். என்னை உறுத்துவது அதற்கு அடுத்த கட்டம். வரிசை நீளமாக இருந்தால்தான் எக்ஸ்பிரஸ் விற்கும். அப்புறம் வரிசையைக் குறைக்க இன்னொரு வண்டி விட வேண்டும், இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வைக்க வேண்டும் என்கிற அவசரம் நிர்வாகத்துக்கு எங்கிருந்து வரும்? யாரும் திட்டம் போட்டுக் கெடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் பார்த்தால் விலை போகிற போக்கில்தான் பூங்காவும் போகிறது.

மீனா, நீங்கள் சொல்லும் ஒரே டிக்கெட் முறை ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நுழைவுக்கு ஒரு சிறு தொகை, ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. பிறகு ஏ, பி, சி என்று கூப்பன் புத்தகம் வந்தது. பெரிய ரைடுகளுக்கான இ கூப்பன் 1959-இல் சேர்ந்தது. புத்தகத்தில் இ கூப்பன் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் மிச்சத்தைத் தீர்க்கச் சின்ன ரைடுகளுக்கும் ஆள் வந்தார்கள், கூட்டம் பரவியது. 1982-இல் கூப்பனை நிறுத்திவிட்டு ஒரே டிக்கெட் ஆக்கினார்கள். எல்லாம் ஒரே விலை என்றால் எல்லாரும் ஓடுவது அதே நாலு ரைடுக்குத்தானே. காசுக்குப் பதில் காத்திருப்பு.

அதைச் சமாளிக்க 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இயந்திரத்தில் டிக்கெட்டை விட்டால், இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று ஒரு சீட்டு வரும். அது இலவசம். அதிலும் சாதா வரிசை நீண்டது, ஆனால் யாருக்கும் வயிறு எரியவில்லை. சீக்கிரம் வந்தவனுக்குக் கிடைத்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டுக் காசு வைத்தார்கள். வரிசை அதேதான், அதைப் பார்க்கும் கண் மாறிவிட்டது.

பாசிர் பாஞ்சாங் பேரன்

இதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. ஹாவ் பார் வில்லா என்கிற சிலைத் தோட்டம். 1937-இல் டைகர் பாம் முதலாளி ஓ பூன் ஹாவ் தம்பிக்காகக் கட்டியது, மக்கள் காசில்லாமல் போய் வந்த இடம். 1990-இல் அதை டிராகன் வேர்ல்டு என்று பெரிய செலவில் மாற்றி நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். ஆரம்பத்தில் கூட்டம், பிறகு சரிவு. கடைசியில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் தோட்டம் இலவசம், 2021-இல் வந்த நரக அருங்காட்சியகத்துக்கு மட்டும் காசு. சும்மா போய்வரும் பழக்கம் ஒரு தடவை விட்டுப்போனால் அப்புறம் இலவசம் என்றாலும் அந்தக் கூட்டம் திரும்புவதில்லை என்பது என் எண்ணம்.

ஈசூன் வாசி

சரி அண்ணே, அப்போ எல்லாவற்றையும் மலிவாக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பழைய ரைடுக்காரன்

தீராது. அமெரிக்காவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்கிற பூங்கா நிறுவனம், சீசன் முழுக்கப் போய்வரும் மலிவு சீசன் பாஸ் விற்றுத்தான் கூட்டம் சேர்த்தது. புதுத் தலைமை வந்து, கூட்டம் அதிகம், வருபவர் செலவழிப்பது குறைவு என்று விலையை ஏற்றியது. 2021-இல் சுமார் 2 கோடியே 77 லட்சமாக இருந்த வருகை 2022-இல் 2 கோடியே 5 லட்சம் ஆனது. வரிசை குறைந்திருக்கும், ஆனால் பழகிய ஆட்களும் போய்விட்டார்கள். என்னைக் கேட்டால் நாளுக்கொரு விலை தேவலாம். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைக்கு மலிவு, சனிக்கிழமைக்கு அதிகம். வீட்டிலேயே தெரிந்துகொண்டு போகலாம், உள்ளே பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மீனா, வாங்குவதற்கு முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்து பாருங்கள். யூனிவர்சலின் பெரிய ரோலர் கோஸ்டர்களில் 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி'க்கு 122 செ.மீ., 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வுக்கு 125 செ.மீ. வேண்டும். ஏற முடியாத ரைடுக்கு எக்ஸ்பிரஸ் எதற்கு? மதியம் இடி மின்னல் வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது எந்த டிக்கெட்டும் ஒன்றுதான். கதவு திறக்கும்போதே போய்ப் பெரிய ரைடுகளை முடித்துவிடுங்கள். காலி இருக்கைகளில் ஒவ்வொருவராக ஏற்றும் தனியாள் வரிசை இருந்தால் பெரியவர்கள் அதில் போகலாம், வேகமாக நகரும்.

தெம்பனிஸ் மீனா

நன்றி அண்ணே. அளந்து பார்த்தேன். சின்னவன் 109, நடுவில் உள்ளவள் 118. அக்கா மகன் மட்டும் தேறுகிறான். மாமியார் எதிலும் ஏறப்போவதில்லை. எட்டு எக்ஸ்பிரஸ் என்று இருந்த யோசனையை விட்டாச்சு. செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்குமா என்று மேலாளரிடம் கேட்கிறேன்.