பிள்ளைகள் பள்ளி போகும் வயது: ஆறு மாத நைட் டூட்டியா, பகல் டூட்டியா?

தூங்காத சிஸ்டர்:

11 வருடமாக வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். பெரியவனுக்கு 12 வயது, சின்னவளுக்கு 7. இதுவரை மாறி மாறி வரும் ஷிஃப்ட்தான் பார்த்தேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரே ஷிஃப்ட் என்று மாற்றுகிறார்கள், பகலா இரவா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டுமே 12 மணி நேரம், ஏழு முதல் ஏழு, வாரத்துக்கு மூன்று டூட்டி.

பகல் என்றால் பிள்ளைகள் எழுவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், ஹேண்டோவர் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) முடித்து வீட்டுக்கு வர எட்டாகிவிடும். இரவு என்றால் காலை எட்டுக்கு வந்து, ஒன்பதுக்குப் படுத்து, மூன்றுக்கு எழுந்தால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது நான் வீட்டில் இருப்பேன், வீட்டுப்பாடம் பார்த்து, சமைத்து வைத்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பலாம். கணவருக்குப் பகல் வேலை, இரவில் அவர் வீட்டில் இருப்பார். நைட் அலவன்ஸும் உண்டு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நைட்தான் சரி என்று வருகிறது.

பிறகு ஏன் கேட்கிறேன் என்றால், நைட் முடிந்து வந்த நாளில் அம்மாவிடம் மார்க் ஷீட்டைக் காட்டக் கூடாது என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்திருக்கிறார்களாம். சின்னவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து மனசு சரியில்லை. நைட் பார்த்துக்கொண்டே பிள்ளை வளர்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒன்பது வருட நைட்:

உங்கள் காகிதத்தில் ஒன்பது முதல் மூன்று என்று ஆறு மணி நேரத் தூக்கம் இருக்கிறது பாருங்கள், அதை முதலில் அடித்துவிடுங்கள் சிஸ்டர். வந்து குளித்து, ஏதோ சாப்பிட்டு, வார்டில் நடந்தது மனதில் ஓடி அடங்கவே பத்தாகிவிடும். அந்த நேரத்தில் உடம்பின் வெப்பநிலை ஏற ஆரம்பித்திருக்கும், வெளிச்சம் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் ஹார்மோனைக் குறைத்திருக்கும், நீங்கள் தூங்கு என்றாலும் உடம்பு எழுந்திரு என்று சொல்லும். ஒரு மணிக்குக் கண் விழித்தால் அவ்வளவுதான். எனக்கு ஒன்பது வருடத்தில் நாலரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கிய பகல்கள் மிகக் குறைவு.

நானும் பிள்ளைகளுக்காகத்தான் நைட் எடுத்தேன். மாலையில் கூடவே இருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், மூன்றாவது கணக்கில் பென்சிலைப் பிடித்தபடியே கண் சொருகிவிடும், அவள் சத்தம் போடாமல் புத்தகத்தை உருவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். எவ்வளவு சமர்த்து என்று அப்போது பெருமைப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று, ஆஃப் நாட்கள். ஆஃப் வந்தால் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று பகலில் விழித்து இரவில் தூங்குவோம், மறுபடி டூட்டி வந்தால் தலைகீழ். வாரா வாரம் பல நேர மண்டலம் தாண்டிப் பறந்து திரும்புகிறவர்களின் கதிதான் உடம்புக்கு. ஆஃப் நாளிலும் இரவு ஒரு மணி வரை விழித்திருந்து காலை கொஞ்சம் தாமதமாக எழுந்தால் அந்தத் தாவல் ஓரளவு குறையும். ஆனால் காலையில் பள்ளிக்குக் கிளப்ப வேண்டிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் தாமதமாக எழுவது?

ஐசியு அப்பா:

நான் மாற்றுக் கருத்து. நான் ஆண் நர்ஸ், மனைவிக்கு அலுவலக வேலை, ஐந்து வருடமாக ஐசியுவில் நைட், இரண்டு பையன்கள். எங்களுக்கு இது சரியாக வந்திருக்கிறது. பள்ளியிலிருந்து காய்ச்சல், வாந்தி, கீழே விழுந்துவிட்டான் என்று ஃபோன் வருவதெல்லாம் பகலில்தான். பகல் டூட்டியில் இருக்கும் நர்ஸால் வென்டிலேட்டர் நோயாளியை விட்டுவிட்டு ஓட முடியாது. நான் தூக்கத்திலிருந்து எழுந்தாவது போய்விடுவேன்.

ஆனால் சில விஷயங்களில் நான் பிடிவாதம். தொடர்ச்சியாக மூன்று நைட்டுக்கு மேல் எடுக்க மாட்டேன். முதல் நைட் அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்காமல் போக மாட்டேன். காலை ஆறரைக்கு எழுந்து பிள்ளைகளைக் கிளப்பி, வீட்டு வேலை பார்த்து, அப்படியே டூட்டிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர், இரவு பதினொன்றரைக்கே அவர்கள் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல இறங்கிவிடுகிறது என்று 1997ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. டூட்டி முடிய இன்னும் ஏழரை மணி நேரம் இருக்கிறது! உடம்பு மிகவும் சோர்ந்து கிடப்பது விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை, அதைத் தொடர்ந்தேதான் காலை ரத்த சாம்பிள், இன்டேக் அவுட்புட் (நோயாளியின் உடம்புக்குள் போன, வெளியே வந்த திரவ அளவு) கூட்டுவது, ஆறு மணி மருந்து எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நைட்டில் வேலை குறைவு என்று சொல்பவர்கள் ஒரு நைட் வந்து பார்க்கட்டும். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது), இன்சுலின், பொட்டாசியம், அளவு தவறினால் ஆபத்தான இந்த மூன்றையும் அந்த நேரத்தில் இன்னொருவர் பார்க்காமல் நான் போடுவதில்லை.

இரவு இரண்டு மணிக்கு மேல் காபி தொட மாட்டேன், குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், பிறகு காலையில் எங்கே தூங்குவது? வண்டியும் ஓட்ட மாட்டேன். ஒரு தடவை சிக்னலில் நின்றபடியே கண் மூடிவிட்டேன், பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அன்றோடு வண்டி எடுப்பதை விட்டேன்.

கதவைத் தட்டாதே:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் பகலில் தூங்கும்போது வீடு அவரைத் தூங்க விடுகிறது. பெண் பகலில் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் அவள் லீவில் இருக்கிறாள். கேஸ் சிலிண்டர் வந்தால் அவள் திறக்க வேண்டும், பார்சல் வந்தால் அவள் வாங்க வேண்டும், உறவினர் வந்தால் "தூங்கிட்டா இருக்க, சும்மா எட்டிப் பார்க்கலாம்னு வந்தேன்" என்பார்கள். அவர்கள் வீட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு நான் போய்ச் சும்மா எட்டிப் பார்த்தால் தெரியும்.

உங்கள் திட்டத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள் சகோதரி. மூன்று மணிக்கு எழுந்து வீட்டுப்பாடம், சமையல், அப்புறம் 12 மணி நேர டூட்டி. கணவர் அதில் "இரவில் வீட்டில் இருப்பார்", அவ்வளவுதான். நைட் எடுப்பதாக இருந்தால் அன்றைய சமையல் அவருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பேச முடியாவிட்டால் நைட்டும் எடுக்காதீர்கள்.

பழைய இன்சார்ஜ்:

எட்டு வருடம் ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) போட்டவள், அதனால் கணக்காகச் சொல்கிறேன். நீங்கள் ஒரே ஒரு நாளை எடுத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள், இரண்டு வாரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று பகல் டூட்டி மூன்று நாளைத்தான் சாப்பிடும். அந்த மூன்று நாளும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்தால் அதிகம், ஆனால் மீதி நான்கு நாள் முழுக்க உங்களுடையது. மூன்று நைட் நான்கு நாளைச் சாப்பிடும், ஏனென்றால் கடைசி நைட் முடிந்து வரும் காலையை ரோஸ்டரில் ஆஃப் என்றுதான் எழுதுவோம், நீங்கள் அதைத் தூங்கிக் கழிப்பீர்கள். நைட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் இன்னும் மோசம், ஒவ்வொரு நைட்டுக்கும் கூடுதலாக ஒரு நாள் போகும். நைட் எடுத்தால் சேர்ந்தாற்போல் கேளுங்கள்.

உடம்பு விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லும் மறுபடி 2019லும் இரவு ஷிஃப்ட் வேலையைப் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. பயந்துவிட வேண்டாம், அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறதே தவிர ஆபத்து எவ்வளவு என்பதை அல்ல. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடர் நைட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவு வேலை உடன்படிக்கையில், இரவு வேலைக்குப் போடும் முன் கேட்டால் இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு என்று இருக்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும், இருந்தாலும் நிர்வாகத்திடம் கேட்க ஒரு பிடி.

இன்னொரு வழியும் இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. ஓபி, டயாலிசிஸ், டே கேர் (அன்றே சிகிச்சை முடித்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் பிரிவு), திட்டமிட்ட அறுவை சிகிச்சை நடக்கும் தியேட்டர், இங்கெல்லாம் பெரும்பாலும் பகல்தான், பல இடங்களில் எட்டு மணி நேரம். இடம் காலியாக நாளாகும். வாயால் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது, எழுதிக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆறு மாதம் என்றதையும் "இரண்டு மாதம் கழித்து மாற்றக் கேட்கலாம்" என்று எழுத்தில் வாங்கப் பாருங்கள். என்னிடம் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்காதவர்களுக்கு நானாகக் கொடுத்ததில்லை.

தூங்காத சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டைரியை எடுத்துப் போன மாத நைட்டுகளைப் பார்த்தேன், படுத்த நேரமும் எழுந்த நேரமும் குறித்து வைத்திருந்தேன் (பழக்கதோஷம், எல்லாவற்றையும் சார்ட் போடுவது). சராசரி நான்கு மணி நேரம் பத்து நிமிடம். காகிதத்தில் போட்ட ஆறு மணி நேரம் ஒரு நாள்கூட இல்லை.

இன்சார்ஜ் அக்கா சொன்ன மாதிரி 14 நாளைக் கட்டம் போட்டு நிரப்பினேன். பகல்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன், கூடவே ஓபிக்கு ஒரு விண்ணப்பம். ஒரே சிக்கல், சின்னவள் நான் வரும் வரை தூங்க மாட்டேன் என்கிறாள். அவள் வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும், காலை ஆறரைக்கு எழ வேண்டியவள் ஒன்பதரைக்குள் படுத்தாக வேண்டும், எட்டுக்கு வந்தால் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதில் சமையலறைப் பக்கம் போவதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார், முகத்தைப் பார்த்தால் அவ்வளவு சரியாகத் தெரியவில்லை.

கதவைத் தட்டாதே:

முகம் இரண்டு வாரத்தில் சரியாகும். மார்க் ஷீட்டை எப்போது காட்டினார்கள் என்று வந்து சொல்லுங்கள்.